அரிசி மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு யானையைத் திட்டாதீர்கள்

இது நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசி நான்கைந்து பத்தியையாவது படித்துவிட்டுப் போங்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அது அங்கேதான் வருகிறது.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தித் துணுக்கை யாரோ போட்டிருந்தார்கள். "வால்பாறை அருகே காட்டு யானைகள் அட்டகாசம். சத்துணவுக் கூடச் சுவரை இடித்து அரிசி, பருப்பைச் சூறையாடின." கூடவே ஒரு படம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் 19 வருடம் வேலை பார்த்த பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எஸ்டேட்டுக்குள், ஒரு மேட்டில், இரண்டு வகுப்பறையும் ஒரு சமையல் அறையுமாக இருக்கும் தொடக்கப் பள்ளி.

படத்துக்குக் கீழே வழக்கமான சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் கும்கியைக் கொண்டு வந்து பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். இன்னொருவர், "யானை ஊருக்குள் வரவில்லை, நாம்தான் காட்டுக்குள் போனோம்" என்று எழுதி, அழும் பொம்மை மூன்று போட்டிருந்தார். அவர் இருப்பது சென்னையில், ஆறாவது மாடியில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் என் மாணவன் ஒருவன் மட்டும் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருந்தான். "டீச்சர், அதே செவுரா?"

அதே சுவர்தான் தம்பி.

1998இல் ஒரு தடவை இடிந்தது. 2005இல் ஒரு தடவை. 2011இல் நானே விடிகாலையில் போய்ப் பார்த்தேன், தரையெல்லாம் அரிசி, நடுவில் நசுங்கிய குண்டான். மூன்று தடவையும் அதே தென்பக்கச் சுவர். மூன்று தடவையும் மனு எழுதினோம், பணம் வந்தது, மேஸ்திரி வந்தார், அதே இடத்தில் அதே அளவில் கட்டிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை மட்டும் ஒன்பது அங்குலச் சுவராகக் கட்டினார்கள். யானைக்கு ஒன்பது அங்குலச் சுவர் என்பது நமக்கு அப்பளம் மாதிரி.

அந்தத் தென்பக்கத்தில் என்ன இருக்கிறது? பள்ளிக்கூட மேட்டுக்குக் கீழே ஒரு சதுப்பு. எஸ்டேட்டில் அதை வயல் என்போம், நெல் விளையாத வயல். வருடம் முழுக்கப் புல்லும் தண்ணீரும் இருக்கும். அதன் ஓரமாக ஓடை, ஓடையோடு மரங்கள். பகலில் யானைகள் நிற்கும் இடம் அது. தேயிலையை யானை தின்னாது. பச்சைக் கம்பளம் என்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் அத்தனை இடமும் யானைக்கு வெறும் பொட்டல்தான். அதற்கு நிழலும் தீனியும் தண்ணீரும் இருப்பது ஓடைக்கரைகளிலும் ஆற்றோரத்திலும், இடையிடையே தப்பிப் பிழைத்த சோலைத் துண்டுகளிலும்தான். நடுவாறு, சோலையாறு ஓரங்களில் யானைகள் எப்படிப் போய் வருகின்றன என்று ஆய்வு செய்தவர்கள் பல வருடம் பின்னாலேயே நடந்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள். வரைபடம் இல்லாமலே எங்கள் சமையல் அக்காவுக்கும் அது தெரியும்.

அந்த ஓடைக்கு மேலே, காற்று வாக்கில், ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, உப்பு எல்லாவற்றையும் ஒரே அறையில் அடுக்கி வைத்து, அறையின் ஜன்னலையும் ஓடையைப் பார்த்துத் திறந்து வைத்தால், வராமல் என்ன செய்யும்? அழைப்பிதழ்தான் அடிக்கவில்லை. மூக்கு நீளமான பிராணி ஐயா அது.

நான் சொல்ல வந்தது இதுதான். யானையும் மனிதனும் ஒரே இடத்தில் உயிரோடு இருக்க முடியுமா என்பதை யானையின் குணமோ நம் ஜீவகாருண்யமோ முடிவு செய்வதில்லை. சுவர் எந்தப் பக்கம், கதவு எத்தனை, விளக்கு எங்கே, கம்பி எவ்வளவு உயரம் என்கிற சின்னச் சின்ன விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. அவற்றை யாரோ உட்கார்ந்து வரைகிறார்கள். வரைகிறவர்கள் ராத்திரி அங்கே தங்குவதில்லை.

1890களில் வெள்ளைக்காரன் இந்த மலையில் காட்டை அழித்துக் காப்பியும் பிறகு தேயிலையும் போட்டான். இன்றைக்கு நாலாபக்கமும் ஆனைமலை புலிகள் காப்பகம், நடுவில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், அதில் எஸ்டேட்டுகள், லைன் வீடுகள், 70 ஆயிரம் பேர் அளவுக்கு ஜனங்கள். நாம் காட்டுக்குள் போனோம் என்று அழுகிறவர்களுக்குச் சொல்கிறேன். போனது கம்பெனி. கூலிக்குக் கூட்டிவரப்பட்டவர்களின் நாலாவது தலைமுறை இப்போது அங்கே இருக்கிறது. அவர்களைக் காலி பண்ணிவிட்டுப் போகச் சொல்ல உங்களுக்கும் வாய் வராது, எனக்கும் வராது. யானையையும் காலி பண்ண முடியாது. அப்படியானால் பாக்கி இருப்பது, இரண்டு பேரும் எப்படி ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் போய் வருவது என்கிற கேள்வி மட்டும்தான்.

2003இல் என் வகுப்பில் மூன்றாவது படித்த ஒரு பிள்ளையின் அப்பா செத்துப்போனார். கடைசி பஸ்ஸில் இறங்கி, மழையும் மூடுபனியுமாக இருந்த நேரத்தில், தேயிலைக்கு நடுவே குறுக்கு வழியில் லைன் வீட்டுக்கு நடந்தார். வழியில் யானை நின்றிருக்கிறது. பக்கத்தில் போகும் வரை தெரியவில்லை. கையில் பிள்ளைக்கு வாங்கிய நோட்டு இருந்தது.

இதில் என்னை இன்றைக்கும் தூங்கவிடாத விஷயம் வேறு. அந்த யானைகள் அங்கே நிற்பது சாயங்காலம் நாலு மணிக்கே பக்கத்து டிவிஷனில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து எடுத்தவர்களை அந்தப் பக்கத்திலிருந்து முன்கூட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பஸ்ஸில் வந்தவருக்குச் சொல்லத்தான் வழியில்லை. 1994 முதல் 2012 வரை வால்பாறைப் பகுதியில் யானையால் இறந்தவர்கள் 39 பேர். அவர்களில் பெரும்பாலோர் யானை அங்கே இருப்பது தெரியாமல் போய் மாட்டியவர்கள் என்பது பிறகு கணக்கெடுத்தவர்கள் கண்டது. யானை துரத்திக்கொண்டு வந்து கொன்ற கதை சினிமாவில்தான் அதிகம்.

இந்த இடத்தைத்தான் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் பிடித்தார்கள். ஆனந்தகுமார் என்கிற ஆய்வாளரும் அவர் கூட இருந்த உள்ளூர்ப் பையன்களும். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் படத்துக்கு அடியில் எழுத்து ஓடவிட்டார்கள், இன்ன எஸ்டேட்டில் இன்ன இடத்தில் யானை நிற்கிறது என்று. மெகா சீரியல் பார்க்கிற நேரத்தில் ஓடும், எல்லோரும் படித்துவிடுவோம். 2011 முதல் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலில் அழைப்பு வந்தது. அதற்கப்புறம் சிவப்பு விளக்கு.

விளக்கு என்றால் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. உயரமான இடத்தில் ஒரு கம்பம், மேலே சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு, உள்ளே ஒரு சிம் கார்டு. அந்தப் பக்கத்தில் யானை வந்திருந்தால், பொறுப்பில் இருக்கும் உள்ளூர்க்காரர் தன் போனிலிருந்து கூப்பிட்டு எரிய வைப்பார். போய்விட்டால் அணைப்பார். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். சிவப்பு எரிகிறதா, குறுக்கு வழி வேண்டாம், நாலு பேராகச் சேர்ந்து ரோட்டோடு போ, இல்லையென்றால் டீக்கடையில் உட்கார்.

முதலில் இதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "சிவப்பு லைட் போட்டா ஆனை நின்னுடுமா டீச்சர்?" என்று ஒரு கங்காணி என்னிடமே கேட்டார். "அது ஆனைக்கு இல்லீங்க அண்ணா, உங்களுக்கு" என்றேன். இரண்டு வருடத்தில் அவரே பொறுப்பாளர் ஆனார். ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுந்து போனை எடுப்பார். அந்த விளக்குகள் வந்த பிறகு வால்பாறையில் யானையால் மனிதர் சாவது வெகுவாகக் குறைந்தது. 2015இல் இந்த வேலைக்காக ஆனந்தகுமாருக்கு லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அது தெரியாது. கும்கி யானை பெயர் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது துணைக்கருவி செய்யச் சொல்வார்கள். அட்டை, தீப்பெட்டி, உடைந்த வளையல் என்று கிடைத்ததை வைத்துச் செய்வோம். எங்கள் விரிவுரையாளர் அம்மா ஒருவர் வந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார். "இதை ரெண்டாங்கிளாஸ் பிள்ளை எடுத்து விளையாட முடியுமா, இல்ல நீ பீரோவுல பூட்டி வச்சு இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் எடுப்பியா?" அந்தச் சிவப்பு விளக்கை முதல் தடவை பார்த்தபோது அந்த அம்மா ஞாபகம்தான் வந்தது. பயன்படுத்துகிறவன் கையில் இருக்கிற கருவி அது.

இப்போது பீரோவில் பூட்டி வைத்த கருவிகளுக்கு வருகிறேன்.

அகழி. யானை தாண்டாத பள்ளம். டெண்டருக்கு ரொம்பத் தோதான விஷயம், கிலோமீட்டர் கணக்கில் பில் போடலாம். வறண்ட மண்ணில் கொஞ்ச நாள் நிற்கும். மேற்கு மலையில் தென்மேற்குப் பருவமழை இரண்டு மாதம் கொட்டினால் கரை சரிந்து பாதி தூர்ந்துவிடும். மீதிக் கரையை யானையே காலால் தள்ளி நிரப்பிக்கொண்டு வரும். கண்ணால் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடுத்த வருடம் அதே அகழிக்குப் பராமரிப்பு டெண்டர்.

சூரிய மின்வேலி மோசமில்லை. யாராவது தினம் போய்க் கொடி வெட்டி, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினால். வேலி போட்ட அன்றைக்குப் படம் எடுக்க வருகிறவர்களில் ஒருவர் கூட ஆறு மாதம் கழித்துக் கொடி வெட்ட வருவதில்லை. கவனிப்பதற்கு ஆளும் சம்பளமும் சேர்த்து வரையாத வேலி, வேலி இல்லை. துணி காயப்போடும் கம்பி.

இதை விடக் கொடுமை, வேலிக்கு நேரடியாக வீட்டு மின்சாரத்தைக் கொடுப்பது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் மூன்று பெண் யானைகள் அப்படிச் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் செத்த தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்ததைத் தொலைக்காட்சியில் நாமெல்லாம் பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே மாவட்டத்தில் கம்பைநல்லூர் பக்கம் ஓர் ஆண் யானை ஏரிக்கரை மேல் ஏறியபோது மேலே போன மின்கம்பி பட்டுச் செத்தது. இதில் திருட்டு வேலி ஒன்றும் இல்லை. கரை உயரமானது, கம்பி உயரமாகவில்லை, அவ்வளவுதான். கம்பியை இழுத்தவர் தரையிலிருந்து அளந்தார். கரை மேல் ஒரு யானை நின்றால் எவ்வளவு என்று அளக்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தச் சாவுக்கு நாம் வைத்த பெயர் விபத்து.

விவசாயிகள் கோபப்படுவார்கள் என்று தெரியும். என் தம்பியே ஆனைமலை பக்கம் தென்னை வைத்திருக்கிறான். ஒரே ராத்திரியில் முப்பது கன்று போனால் எப்படி இருக்கும் என்பதை அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தவள் நான். நஷ்ட ஈட்டுக்கு அவன் எத்தனை தடவை எத்தனை மேசைக்கு நடந்தான் என்பதும் தெரியும். அந்த நடையும் யாரோ வரைந்ததுதான். போட்டோ எடு, சான்று வாங்கு, மூன்று பிரதி கொடு, சார் லீவு, நாளைக்கு வா. சீக்கிரம் பணம் கைக்கு வந்தால் எத்தனை பேர் திருட்டுக் கம்பி கட்டுவார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

அடுத்தது, பிடித்து வேறு இடத்தில் விடும் வித்தை. இதற்குத்தான் ஜனங்கள் கைதட்டுகிறார்கள். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கத்தில் சின்னத்தம்பியைப் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அது நடந்து உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து முகாமில் அடைத்தார்கள். 2023இல் தர்மபுரியில் பிடித்து ஆனைமலையில் விட்ட மக்னா யானை கோயம்புத்தூர் நகரத்துக்குள்ளேயே நடந்து வந்தது. அதே வருடம் கேரளாவில் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன், பெரியாறு காட்டிலிருந்து கம்பம் டவுனுக்கு வந்து, ஜூன் மாதம் மறுபடி பிடிபட்டு, கடைசியில் களக்காடு மலைக்குப் போனது. அரிக்கொம்பன் என்றால் என்ன? அரிசிக் கொம்பன். ரேஷன் கடையை இடித்து இடித்து அரிசி தின்றதால் வந்த பெயர். ஓர் உயிரை இரண்டு மாநிலம், மூன்று காடு, நாலைந்து மயக்க ஊசி என்று அலைக்கழித்த செலவில் எத்தனை ரேஷன் கடைகளை இடம் மாற்றியிருக்கலாம்? தமிழ்நாட்டில் நகரும் ரேஷன் கடை புதிய விஷயமே இல்லை. 2020லேயே ஊர் ஊராக வண்டி விட்டோம். அரிசி ராத்திரி தங்காத கடையை எந்த யானை இடிக்கும்?

நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ரிட்டயர்டு டீச்சர் புலம்புகிறாள் என்பீர்கள்.

கோவை மதுக்கரை பக்கம், பாலக்காடு போகும் ரயில் பாதை. எத்தனையோ யானைகளைத் தின்ற பாதை. 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரையில் மங்களூர் – சென்னை ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் ஒன்றாகச் செத்தன. அதற்கப்புறம் இரண்டு வேலை நடந்தது. தண்டவாளத்துக்கு அடியில் யானை நடந்து போகிற மாதிரி சுரங்கப் பாதை அமைத்தார்கள். 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் வெப்பத்தை வைத்துப் பார்க்கும் கேமராக்களைப் பொருத்தினார்கள். இருட்டிலும் யானை வருவதைக் கண்டுபிடித்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும், அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும். ஏழு கிலோமீட்டருக்கு ஏழு கோடிக்கு மேல் செலவு. தண்டமா? இல்லை. யானைகள் அந்தச் சுரங்கப் பாதையில் நடக்கிற படத்தைப் பார்த்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேமராவைப் பற்றி மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள். அந்த அறையில் முறை வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களையும், பாதையோரம் நடந்து யானையைத் திருப்பி அனுப்புகிறவர்களையும் யாரும் படம் எடுப்பதில்லை. அவர்களுக்குச் சம்பளம் நின்றால் 12 கோபுரமும் கொக்கு உட்காரத்தான் ஆகும்.

வால்பாறை புதுத்தோட்டத்தில் இன்னொன்று பாருங்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் சோலைத் துண்டு. முன்பெல்லாம் மரத்துக்கு மரம் கிளை தொட்டுக்கொண்டிருக்கும். கிளை போன பிறகு சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், ரோட்டில் இறங்கிக் கடக்க ஆரம்பித்தன. கார்களில் அடிபட்டன. தீயணைப்பு வண்டிக் குழாயைக் கொண்டு மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்கவிட்டார்கள். குரங்குகள் மேலேயே போகப் பழகிக்கொண்டன. என்ன பிரமாதச் செலவு? கீழே, வாழைப்பழத்தை நீட்டிக் குரங்கை ரோட்டுக்குக் கூப்பிடுகிற நம் சுற்றுலாப் பயணிக்கு மட்டும் யாராலும் எதையும் வடிவமைத்துத் தர முடியவில்லை.

யானையோடு சிறுத்தையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். லைன் வீட்டுப் பக்கம் சிறுத்தை குழந்தையைத் தூக்கிப்போன செய்தி வரும்போதெல்லாம் கூண்டு வைக்கிறார்கள். கழிப்பறை வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, வழியில் பல்பு எரிகிறதா, வாசலிலிருந்து புதர் எவ்வளவு தூரம், கோழிக்கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று யாரும் டேப் எடுத்து அளப்பதில்லை. நான் கேட்டேன், ஒரு கூட்டத்தில். "விழிப்புணர்வு முகாம் நடத்தியிருக்கிறோம் மேடம்" என்றார்கள். பல்பு போடுங்கள் சார், விழிப்பு தானாக வரும் என்றேன். அதோடு அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

இன்னொரு விஷயம். இப்போது எஸ்டேட்டுகளில் நம் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று போய்விட்டார்கள், நல்லதுதான். அவர்கள் விட்டுப் போன லைன் வீடுகளில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் இருக்கின்றன. போன வருடம் பழைய பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனபோது ஒரு ஜார்க்கண்ட் பெண் என்னோடு பஸ்ஸில் இறங்கினாள். இடுப்பில் குழந்தை. கம்பத்தில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் நேராகக் குறுக்கு வழியில் இறங்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த இந்தி "ஹாத்தி" ஒன்றுதான். அதைச் சொல்லி விளக்கைக் காட்டினேன். அவள் முகம் மாறிய மாதிரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நாலு மாதமாக அங்கே இருக்கிறாளாம், அந்த விளக்கு எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மொழியே வேண்டாத ஒரு கருவியைச் செய்து வைத்துவிட்டு, அது என்ன என்று சொல்ல ஓர் ஆளை வைக்க மறந்துவிட்டோம். கம்பத்துக்கு அடியில் ஒரு பலகை, அதில் ஒரு யானை படம், போதும். ஓவியம் வரையத் தெரிந்த என் மாணவர்கள் இந்தக் குழுவில் குறைந்தது ஆறு பேர் இருக்கிறீர்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

இடிந்த சத்துணவுக் கூடத்தை இந்தத் தடவை முழுசாகவே புதிதாகக் கட்டப் போகிறார்களாம். பணம் ஒதுக்கியாகிவிட்டது. இப்போது அங்கே வேலை பார்க்கும் டீச்சர் போன் பண்ணினார். சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். எங்கே தெரியுமா? அதே தென்பக்கம். அதே வயலைப் பார்த்து. அதே ஒற்றைக் கதவு. "டிசைன் மேலேருந்து வந்திருக்கு, எல்லா ஸ்கூலுக்கும் ஒரே டிசைன்" என்றாராம் ஒப்பந்தக்காரர். பொள்ளாச்சி சமவெளியில் கட்டும் அறையும் யானை ஓடைக்கு மேலே கட்டும் அறையும் ஒன்றாம்.

ஒற்றைக் கதவு என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. 2011இல் சுவர் இடிந்தது ராத்திரி என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கு முந்தின வருடம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு, அடுப்புப் பற்ற வைக்கப் போன சமையல் அக்கா உள்ளே இருக்க, கதவுப் பக்கம் ஒரு யானை வந்து நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம். அக்கா அரிசி மூட்டைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யானை துதிக்கையை ஜன்னல் வழியாக விட்டு மூட்டையைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறது. நாங்கள் வகுப்பறையில் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, ஒரு சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். 42 பிள்ளைகள், ஒருத்தர் கூட இருமவில்லை. கடைசியில் அதுவாகவே போனது. அக்கா அன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார், மறுநாள் காய்ச்சலில் விழுந்தார். அந்த அக்காவின் மகள்தான் இன்றைக்கு அங்கே சமைக்கிறாள்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அறையை வடக்குப் பக்கம், லைன் வீடுகளை ஒட்டி நகர்த்துங்கள். அங்கே இடம் இருக்கிறது, பழைய கொடிக்கம்பம் இருக்கும் இடம். எதிரெதிராக இரண்டு கதவு வையுங்கள். ஜன்னலை ஓடைப் பக்கம் வைக்காதீர்கள். அரிசியை ஒரு மாதத்துக்கு இறக்காமல் வாரா வாரம் இறக்குங்கள், முடிந்தால் ராத்திரி அங்கே எதுவும் தங்காமல் எஸ்டேட் ஆபீஸ் ஸ்டோரில் வைத்துக் காலையில் எடுத்து வாருங்கள். வயலைப் பார்க்கிற மாதிரி ஒரு விளக்கு போடுங்கள், சமையலுக்கு வருகிற பெண் கதவைத் திறக்கும் முன் கீழே பார்த்துக்கொள்ள. இவ்வளவுதான். இதற்குக் கூடுதல் செலவு என்னவென்று மேஸ்திரி வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவரிடம் கேட்டேன். ஒரு கதவு, நாலு பல்பு, அப்புறம் சுண்ணாம்புக் கோட்டை அழித்துப் போட ஒரு கூலி ஆள் என்றார்.

மனு எழுதி அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. போன் பண்ணினால், நீங்கள் பணியில் இல்லையே மேடம் என்கிறார்கள். உண்மைதான், பணியில் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியில் இப்போது படிக்கும் 17 பிள்ளைகளில் நாலு பேர் என் மாணவர்களின் பிள்ளைகள். அந்தப் பெற்றோர் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அதனால் வால்பாறையில் இருக்கும் என் மாணவர்கள், எத்தனை பேரால் முடியுமோ அத்தனை பேர், வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். நான் ஞாயிறு சாயங்கால பஸ்ஸுக்கே வந்துவிடுவேன். அஸ்திவாரம் தோண்ட புதன்கிழமை ஆள் வருகிறார்களாம், அதற்குள் அந்தக் கோடு நகர வேண்டும். ஒப்பந்தக்காரரோடு சண்டை வேண்டாம், அவர் கையில் கொடுத்த காகிதத்தைத்தான் அவர் கட்டுகிறார். கையெழுத்துப் போட வேண்டியவர் ஒரு தடவை அந்த மேட்டில் வந்து நின்று கீழே வயலைப் பார்க்கட்டும் என்றுதான் கேட்கப் போகிறோம். சமையல் அக்காவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முழங்கால் வலி இருக்கிறது, யாராவது ஆட்டோ ஏற்பாடு பண்ணுங்கள்.

திருப்பூர்த் தம்பி, நீ லீவு போட்டு வர வேண்டாம். அந்தப் பலகைக்கு யானை படம் வரைந்து அனுப்பு. அஞ்சாங்கிளாஸில் நீ வரைந்தது நன்றாக இருந்தது, வாலை மட்டும் இந்தத் தடவை சரியாகப் போடு.